படி வளர்ந்த பள்ளிக்கூடம்

ஈச்சங்கரட்டுப் பள்ளிக்கூடத்தில் மாடிப்படி வளர ஆரம்பித்த வருஷம் மல்லிகை பூத்துக் குலுங்கியதா வெயிலில் கருகியதா என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள், ஆனால் முதல் நாள் எத்தனை படி இருந்தது, ஆடிப்பெருக்கன்று எத்தனை, தைப்பூசத்தன்று எத்தனை என்று கேட்டால் பால்குடி மறந்த பிள்ளைகூடப் பிசகாமல் சொல்லும், ஏனென்றால் அந்த இரண்டு வருஷமும் ஊர் மொத்தமும் எண்ணியது அந்த ஒன்றைத்தான்.

அதற்கு முன்பு பள்ளிக்கூடத்துக்கு மாடி கிடையாது. ஓட்டுக் கட்டடமும் ஒரு காரைக் கட்டடமும் தரையோடு தரையாகக் கிடந்தன, அதனால் நாகஜோதிக்குக் கஷ்டமில்லாமல் இருந்தது. இரண்டு வயதில் வந்த காய்ச்சல் அவள் கால்களைச் சூம்பிப்போக வைத்துவிட்டது. அவளுடைய அப்பன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். அம்மா பவுனுத்தாய் விடியக்காலம் தோட்டத்தில் மொட்டுப் பறித்துக் கொடுத்துவிட்டு, ஈரம் காயாத சேலையோடு ஓடி வந்து, மகளை இடுப்பில் தூக்கிப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போவாள். ஆறாம் வகுப்பில் முகாம் போட்டு மூன்று சக்கர வண்டி கொடுத்தார்கள். பிறகு வண்டியிலேயே வகுப்பு வாசல் வரைக்கும் வந்து, வாசலிலிருந்து பெஞ்சுக்குக் கக்கத்துக் கட்டையை ஊன்றிப் போய்விடுவாள். ஒன்பதாம் வகுப்பில் அவள்தான் முதல். கணக்கு டீச்சர் ஹெலன் ராணி, இந்தப் பிள்ளை ஒருநாள் பள்ளிக்கூடத்தின் பேரை மாவட்டம் முழுக்கச் சொல்லவைக்கும் என்று ஆசிரியர் அறையில் பலமுறை சொல்லியிருந்தார்.

அந்தக் கோடையில்தான் மாடி எழும்பியது. ஒரே ஒரு வகுப்பறை, பக்கத்தில் ஒரு சின்ன அலுவலக அறை, வெளிப்பக்கமாக ஏறிப்போக இருபத்திரண்டு படி. தலைமையாசிரியர் இராமசுந்தரம் ஓய்வுபெற இன்னும் மூன்று வருஷம் இருந்தது, அதற்குள் ஒரு தடவையாவது பத்தாம் வகுப்பில் அத்தனை பேரையும் தேறவைத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வைராக்கியம். தெருச் சத்தம் கேட்காது, காற்று வரும், கவனம் சிதறாது என்று பத்தாம் வகுப்பை மாடிக்கு அனுப்பினார். பழைய வகுப்பறையில் உடைந்த பெஞ்சுகளையும் துருப்பிடித்த சைக்கிள்களையும் போட்டுப் பூட்டினார்கள்.

பவுனுத்தாய் அவரைப் போய்ப் பார்த்தாள். அவர் அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, தன்மையாகத்தான் பேசினார்.

"நான் கெட்டவன் இல்லம்மா. ஆனா ஒரு புள்ளைக்காக நாப்பத்தி மூணு புள்ளைகளைக் கீழே எறக்க முடியுமா, நீயே சொல்லு."

பவுனுத்தாய் யோசித்துவிட்டு, எறக்க வேணாங்க சார், நான் தூக்கிட்டு ஏறுறேன் என்றாள். பதினோரு நாள் தூக்கிக்கொண்டும் ஏறினாள். பதினைந்து வயதுப் பெண்ணை முதுகில் சுமந்துகொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி ஏறினாள். பன்னிரண்டாம் நாள் தோட்டத்துச் சேறு காலில் ஒட்டியிருந்தது, ஆறாம் படியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். யாருக்கும் அடிபடவில்லை. சோற்று டப்பா மட்டும் உருண்டு கீழே போய்த் திறந்துகொண்டது. அதைத் தலைமையாசிரியர் பார்த்துவிட்டார். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று பயந்து, அன்று மத்தியானமே ஒரு தாள் தயார் செய்தார். மாணவியின் பாதுகாப்பைக் கருதி வீட்டிலிருந்தே படித்துத் தனித்தேர்வராக எழுத அனுமதிக்கிறோம் என்று அதில் இருந்தது, பாதுகாப்பு என்ற சொல் மட்டும் நாலு இடத்தில் இருந்தது. பவுனுத்தாய் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்துப் போட அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நாகஜோதிதான்.

மறுநாள் காலையில் அலுவலக உதவியாளர் சீனியப்பன் மாடிக்குத் தண்ணீர்க் குடம் கொண்டுபோனபோது இருபத்துமூன்று படி இருந்தது.

படியேறும்போது எண்ணிக்கொண்டே ஏறுவது அவருக்குப் பழக்கம். குடத்தை வைத்துவிட்டு இறங்கும்போதும் எண்ணினார், இருபத்துமூன்றுதான். இத்தனை நாளும் தப்பாக எண்ணியிருப்போம் என்று விட்டுவிட்டார். அதற்கு அடுத்த நாள் இருபத்துநான்கு, அதற்கு அடுத்த நாள் இருபத்தைந்து. கட்டடம் வளரவில்லை, தெருவிலிருந்து பார்த்தால் மாடி அதே இடத்தில்தான் இருந்தது, அதே வேப்பங்கிளைதான் அதன் சன்னலை உரசியது. ஏறுகிறவர்களுக்குத்தான் தினம் ஒரு படி கூடிக்கொண்டே போனது, எது பழைய படி எது புதுப் படி என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு பொறியாளர் வந்து நூல் பிடித்து அளந்தார். சிமெண்டில் குறையில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டிலிருந்து படிக்கச் சொல்லியும் நாகஜோதி வீட்டில் இருக்கவில்லை. தினமும் வண்டியில் வந்து, முதல் படியில் உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டாள். மேலே நடக்கிற பாடம் படிவழியாக இறங்கி வந்தது. டீச்சர் குரல், பிள்ளைகள் சேர்ந்து சொல்கிற பதில், சாக்கட்டி பலகையில் கீச்சிடுகிற சத்தம்கூட வந்தது. அவளை யாரும் போகச் சொல்லவில்லை. ஏறுகிறவர்கள், கொஞ்சம் நகந்துக்க தாயி என்று மட்டும் சொன்னார்கள். அவளும் நகர்ந்துகொண்டாள்.

ஊர் படிக்குப் பழகிக்கொண்டது. அறுபது படி ஆனபோது மணியை ஒன்பதிலிருந்து எட்டரைக்கு மாற்றினார்கள், நூறு ஆனபோது எட்டுக்கு மாற்றினார்கள். பிள்ளைகள் மத்தியானம் இறங்கி ஏறினால் ஒரு பாடவேளை போய்விடுகிறது என்று சத்துணவு அண்டாவைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள், அதற்குப் பெற்றோர்கள் முறை வைத்துக்கொண்டு வந்து படிக்கொருவராக நின்றார்கள். நூற்றுப் பத்தாம் படியில் ஒருவர் நன்னாரி சர்பத் கடை போட்டார். பிடித்து ஏறக் கயிறு கட்டினார்கள், பிறகு கயிற்றை எடுத்துவிட்டு இரும்புக் கம்பி வைத்தார்கள், இளைப்பாற நடுநடுவே கல் பதித்தார்கள். பிள்ளைகளின் கெண்டைக்காலுக்குத் தேய்க்க ஒரு தைலம் காய்ச்சித் தாய்மார்கள் சீசாவில் கொடுத்தனுப்பினார்கள். தலைமையாசிரியருக்கு மூச்சிரைப்பு வந்தது, மூட்டு வீங்கியது, முத்திரையும் பதிவேடுகளும் மேலேயே இருந்ததால் ஏறாமலும் முடியவில்லை. பெற்றோர் சங்கத்தார் ஒரு பிரம்பு நாற்காலியின் இரண்டு பக்கமும் மூங்கிலைக் கட்டி, நாலு பேர் தோள் கொடுத்து அவரைக் காலையில் மேலே ஏற்றிச் சாயங்காலம் கீழே இறக்கினார்கள். பெரிய மனிதர், ஊருக்காக உழைக்கிறவர், அவரைத் தூக்காமல் யாரைத் தூக்குவது என்று பேசிக்கொண்டார்கள். நாற்காலி முதல் படியைக் கடக்கும்போது அவர் குனிந்து, படிக்கிறியாம்மா என்று கேட்பார். நாகஜோதி, படிக்கிறேன் சார் என்பாள்.

பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எங்க ஊர்ப் பிள்ளைகள் எவ்வளவு உயரத்தில் படிக்கிறார்கள் பார்த்தீர்களா என்று ஈச்சங்கரட்டுக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்தினார்கள். கார்த்திகை மாதம் யாரோ முதல் படியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றினார்கள். மறுநாள் இன்னொருவர் பூச்சரம் போட்டார். தட்டு வைக்க இடமில்லை என்று நாகஜோதியைத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்காரச் சொன்னார்கள். அங்கே மேலேயிருந்து வருகிற குரல் மங்கலாகத்தான் கேட்டது.

மங்கியது மட்டுமில்லை, அதற்கு முன்பே பிந்தவும் ஆரம்பித்திருந்தது. முதலில் மேலே சொல்கிற சொல் சொன்னவுடன் வந்துகொண்டிருந்தது. ஆவணியில் திங்கட்கிழமைப் பாடம் செவ்வாய்க்கிழமை வந்தது. தீபாவளிக்குள் ஒரு வாரம் பிந்திவிட்டது, மார்கழியில் ஒரு மாதம். ஆழமான கிணற்றில் போட்ட கல்லின் சத்தத்துக்குக் காத்திருப்பதுபோல் அவள் தினமும் காத்திருந்தாள். மேலே பிள்ளைகள் அடுத்த பாடத்துக்குப் போய்ச் சிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கீழே அவள் அவர்கள் எப்போதோ மறந்துவிட்ட பாடத்தைக் குறித்துக்கொண்டிருந்தாள்.

ஹெலன் ராணி டீச்சர் ஆரம்பத்தில் சாயங்காலம் இறங்கி வந்ததும் அவளுக்கு அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தார். படி இருநூறைத் தாண்டிய பிறகு டீச்சர் இறங்கி வரும்போதே கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிடும், கால் நடுங்கும், நாளைக்கு நாகஜோதி என்று சொல்லிவிட்டு ஓடுவார். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் ஒருமுறை எழுந்து, பத்தாம் வகுப்பைப் பேசாமல் கீழேயே கொண்டுவந்துவிடலாமே, பழைய வகுப்பறை சும்மாதானே கிடக்கிறது என்று கேட்டார். ஒருவர், கம்பி வைத்தாகிவிட்டதே என்றார். இன்னொருவர், இன்று ஒரு பிள்ளைக்கு எறக்கினால் நாளைக்கு ஒவ்வொருவரும் ஒன்று கேட்பார்கள் என்றார். தலைமையாசிரியர், உடைந்த பெஞ்சுகளை எங்கே போடுவது டீச்சர் என்று கேட்டார், அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார். டீச்சர் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவரும் கேட்கவில்லை.

தனித்தேர்வுக்கான விண்ணப்பத்தை நாகஜோதி முத்துமுத்தான எழுத்தில் நிரப்பிக் கொடுத்தாள். பவுனுத்தாய் அதை நாற்காலியில் போய்க்கொண்டிருந்த தலைமையாசிரியர் கையில் கொடுத்தாள். முத்திரை மேலே இருக்கிறது, போட்டு அனுப்புகிறேன் என்றார். போட்டும் அனுப்பினார். மேலேயிருந்து ஒருவர் கொண்டுவந்து சர்பத் கடையில் கொடுக்க, அவர் இன்னொருவரிடம் கொடுக்க, அந்தத் தாள் தரைக்கு வந்து சேர்ந்தபோது கடைசி நாள் போய் ஆறு நாள் ஆகியிருந்தது. யார்மேலும் தப்புச் சொல்ல முடியவில்லை. மார்ச்சில் நாற்பத்துமூன்று பேரும் எழுதினார்கள், நாற்பத்துமூன்று பேரும் தேறினார்கள், தலைமையாசிரியருக்கு மாலை போட்டார்கள். அன்று நாகஜோதியின் காதுக்கு நவம்பர் மாதப் பாடம் வந்துகொண்டிருந்தது.

சித்திரையில் பவுனுத்தாய்க்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, தோட்டத்தில் குனிந்து பறிக்க முடியவில்லை. நாகஜோதி பூக்கொட்டகையில் சரம் கட்டப் போனாள். உட்கார்ந்த வேலை, இவளுக்குப் பொருத்தம் என்று எல்லோரும் சொன்னார்கள். விட்டுவிட்டு வந்தாலும் பாடம் அவளை விடவில்லை, கொட்டகைக்கும் வழி கண்டுபிடித்து வந்தது, ஆனால் நாலு நாளைக்கு ஒரு வரி, பத்து நாளைக்கு ஒரு வரி என்று மெள்ள மெள்ள வந்தது.

படி வளர்ந்துகொண்டே போனது. இன்னும் நூறு ஏறினால் பழனி மலைப் படியை மிஞ்சிவிடும் என்று ஊர் கணக்குப் போட்டு, அந்த நாளுக்கு மேளம்கூடப் பேசி வைத்திருந்தது. அப்போதுதான், இரண்டாம் வருஷம் தை மாதம், ஒரு பெரிய அதிகாரி ஆய்வுக்கு வந்தார். காரிலிருந்து இறங்கி, படியை அண்ணாந்து பார்த்தார். நாற்காலியைக் கொண்டுவந்து வைத்தார்கள், அதில் உட்காரக் கூச்சப்பட்டார். போன மாதம்தான் முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது என்றார்.

"வகுப்பைக் கீழே கொண்டுவந்துருங்களேன்" என்றார்.

அவ்வளவுதான். தலைமையாசிரியர் கையைத் தட்டினார். சீனியப்பன் பழைய வகுப்பறையின் பூட்டைத் திறந்தார், உடைந்த பெஞ்சுகள் வேப்பமரத்தடிக்குப் போயின, சைக்கிள்கள் சுவரோரம் போயின, மேலேயிருந்து பெஞ்சும் பலகையும் கைமாறிக் கைமாறி வந்தன. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்த வேலை மூன்றரை மணிக்கு முடிந்துவிட்டது. கடைசி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கிய சீனியப்பன் வழக்கம்போல் எண்ணிக்கொண்டே வந்தார், இருபத்திரண்டு என்று சொல்லும்போது அவருடைய கால் தரையில் இருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். சர்பத் கடைக்காரர் பானையை வைத்துக்கொண்டு மண்ணில் நின்றுகொண்டிருந்தார். ஊரில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. மூன்று மாதம் பொறுத்திருந்தால் பழனியை மிஞ்சியிருக்கும் என்று சிலர் மட்டும் வருத்தப்பட்டார்கள்.

மறுநாள் ஹெலன் ராணி டீச்சர் பூக்கொட்டகைக்குப் போனார். பத்துப் பதினைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வாழைநாரில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார்கள். நாகஜோதிதான் எல்லாரையும்விட வேகமாகக் கட்டினாள். டீச்சர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வகுப்பு கீழே வந்துவிட்டது, ஜூன் மாதம் வந்து சேர்ந்துகொள், நான் எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னார்.

"யாருக்காக எறக்குனாங்க டீச்சர்?" என்று நாகஜோதி கேட்டாள்.

டீச்சர் பொய் சொல்லவில்லை. அதிகாரியின் முழங்காலைப் பற்றிச் சொன்னார். நாகஜோதி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள், கை நிற்கவில்லை.

"அன்னிக்கு அந்தக் கூட்டத்துல நான் இன்னொரு தடவை கேட்டிருக்கணும்" என்றார் டீச்சர்.

"ஆமா டீச்சர்" என்றாள் நாகஜோதி. பிறகு சரத்தை முடித்து, நாரை அறுத்துவிட்டு, "வர்றேன்" என்றாள்.

ஜூனில் வந்தாள். தன்னைவிட இரண்டு வயது குறைந்த பிள்ளைகளோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். டீச்சர் அவளுக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில் நின்று பாடம் நடத்தினார், உதடு அசைவது நாகஜோதிக்குத் தெரிந்தது, ஆனால் குரல் வரவில்லை. பழைய பாடம் இன்னும் வழியிலேயே இருந்தது, அது வந்து முடியாமல் புதியது உள்ளே நுழைய இடமில்லை. டீச்சர் உரக்கச் சொல்லிப் பார்த்தார், காதோடு சொல்லிப் பார்த்தார், எழுதிக் காட்டினார், ஒன்று எழுதினால் இன்னொன்று விட்டுப்போனது, மற்ற நாற்பது பேருக்கும் பாடம் நடத்த வேண்டியிருந்தது. நாகஜோதி புத்தகத்தைப் பார்த்துத் தானாகப் படித்த அளவுக்குப் பரீட்சை எழுதினாள். முப்பத்தைந்தும் முப்பத்தேழுமாக வாங்கி, ஒவ்வொரு பாடத்திலும் விளிம்பைப் பிடித்துத் தேறினாள்.

ஊரில், அதுதான் கீழே எறக்கி விட்டாச்சே, அப்புறமும் என்னத்தைக் கிழிச்சா என்று பேசிக்கொண்டார்கள். அவள் காதில் படாமல்தான் பேசினார்கள், ஆனால் இந்தப் பேச்சு மட்டும் கொஞ்சமும் பிந்தாமல் அவளிடம் வந்து சேர்ந்துவிட்டது. அவள் பூக்கொட்டகைக்குத் திரும்பிப் போனாள். தலைமையாசிரியர் ஓய்வுபெற்றார், ஹெலன் ராணி டீச்சருக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வந்தது. மாடி அறையில் பழைய விடைத்தாள்களைப் போட்டுப் பூட்டினார்கள்.

மூன்று வருஷம் கழித்து, ஐப்பசி மாதத்தில் ஒருநாள், சரம் கட்டிக்கொண்டிருந்த நாகஜோதியின் கை நின்றது. அவளுக்கு அப்போது இருபத்தோரு வயது, அவள் கை அப்படி நின்று யாரும் பார்த்ததில்லை. என்னடி ஆச்சு என்று பக்கத்துப் பெண் கேட்டாள். நாகஜோதி விரலை உதட்டில் வைத்தாள். ஹெலன் ராணி டீச்சரின் குரல், இளமையாக, படியேறிய இளைப்பு இல்லாமல், இந்தத் தடவை வரிவரியாகத் துண்டுபடாமல் முழுப் பாடமாக வந்துகொண்டிருந்தது. ஒரு கோபுரத்தின் உயரம் தெரிய வேண்டுமானால் கோபுரத்தின்மேல் ஏற வேண்டியதில்லை பிள்ளைகளே, தரையில் இருந்தபடியே, உச்சியைப் பார்க்க நம் கண் தரையிலிருந்து எழும்புகிற கோணத்தையும் அதற்குள்ள தூரத்தையும் வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். நாகஜோதி கடைசி எடுத்துக்காட்டு வரைக்கும் கேட்டாள். அன்று அவள் பங்குப் பூவை மற்றப் பெண்கள் பிரித்துக் கட்டினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கத் தெருவுக்கு வண்டியில் போனாள். மாடித் தளம் அங்கே சுவரில் ஒரு சிமெண்டுப் பட்டையாகத் துருத்திக்கொண்டிருந்தது. ஒரு சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து, அடிப்பக்கத்தைத் தரைக்குச் சமமாகப் பிடித்து, சாய்ந்த விளிம்புவழியாக ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். வண்டியைக் கொஞ்சம் பின்னால் இழுக்கச் சொன்னாள், கொஞ்சம் முன்னால் தள்ளச் சொன்னாள், விளிம்பும் பட்டையும் ஒன்றாகச் சேர்ந்ததும் போதும் என்றாள். அங்கிருந்து சுவர் வரைக்கும் பவுனுத்தாய் பூ அளப்பதுபோலவே தரையில் முழம் போட்டு அளந்தாள். ஐந்து முழம், அதாவது ஏழரை அடி, பாதிச் செங்கோணத்தில் பார்த்ததால் அவள் கண்ணுக்கு மேலே பட்டையின் உயரமும் அதேதான். அதோடு வண்டியில் உட்கார்ந்திருக்கிற நாகஜோதியின் கண் தரையிலிருந்து இருக்கிற உயரம், மூன்றரை அடி.

"எம்புட்டுத்தா வந்துச்சு?" என்று பவுனுத்தாய் கேட்டாள்.

"பதினோரு அடிம்மா."

பவுனுத்தாய் அந்தப் பட்டையை அண்ணாந்து பார்த்தாள். பதினோரு அடி என்று தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். தெருவில் போன இரண்டொருவர் நின்று, என்ன தாயி, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்கள். நாகஜோதி தாளைப் பிரித்து மடியில் வைத்து நீவிக்கொண்டே, ஒன்றும் ஆகவில்லை, ஒரு கணக்குப் போட்டோம், விடை வந்துவிட்டது என்று சொன்னாள்.